யாகுஷிமாக் காட்டில் மூர்த்தி அண்ணையின் ஒரு பகல்

காலைச் சாப்பாட்டுத் தட்டுகள் இயந்திரத்திலிருந்து ஆவி பறக்க வெளியே வந்துகொண்டிருந்தன. சமையற்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த தொலைபேசியை எடுத்த தலைமைச் சமையற்காரர் என்னைப் பார்த்துக் கையசைத்தார். மறுமுனையில் மூர்த்தி அண்ணையின் மனைவி பவானி அக்கா.

"தம்பி, அவர் போயிட்டார். காலமை ஆறு மணிக்கு."

வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஏப்ரனைக் கழற்றினேன். டாவோஸில் பனி விழுந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து இறங்கும் சிறிய ரயில், பிறகு சூரிச், பிறகு பேர்ண், அங்கிருந்து ஓஸ்டர்முண்டிகனுக்கு பஸ். நாலு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. வழி முழுக்க அவர் முகத்தை நினைக்க முயன்றேன். வரவில்லை. வந்தது அவர் கடைசியாக என்னிடம் ஒப்படைத்த வேலைதான்.

"நான் போன பிறகு எழுது. அண்டைக்கு ஆத்தங்கரையில எல்லாரும் வந்து நிண்டு கும்பிட்டவை. அவைக்குத் தெரியவேணும்" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சொன்னார்.

ஆகவே இது, அன்று ஆரே ஆற்றங்கரையில் குடை பிடித்து நின்ற உங்களுக்கு. ஓஸ்டர்முண்டிகன் மண்டபத்தில் எங்களோடு இருந்து சாப்பிட்ட உங்களுக்கு. எழுதியதைப் பவானி அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். ஒரு வரியையும் வெட்ட வேண்டாம் என்றார்.

நடேசமூர்த்தி என்ற அவரது முழுப்பெயர் இறப்பு அறிவித்தலில்தான் உங்களில் பலருக்குத் தெரியவந்திருக்கும். பருத்தித்துறைக்காரர். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் டாவோஸில் ஒரே ஹோட்டலின் நிலக்கீழ்ச் சமையற்கட்டில் சட்டி கழுவினோம். நான் பெரிய பானைகள், அவர் கண்ணாடிகள். அவர் கையிலிருந்து கண்ணாடி விழுந்து உடைந்தால், யாரும் கேட்கும் முன்பே துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு மேலே போய்ச் சொல்லிவிட்டு வருவார். நாங்கள் அவற்றைக் குப்பைக்குள் ஆழமாகத் தள்ளிவிடுகிறவர்கள். அவருடைய பழக்கம் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது.

அகதி விசாரணைக்கு நான் பேர்ணுக்குப் போக வேண்டிய கிழமை, அறையிலிருந்த ஒவ்வொருவரும் எனக்கு ஒவ்வொரு கதை சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு தரம் பிடிபட்டதாகச் சொல், தழும்பைக் காட்டு, ஊரை மாற்று. மூர்த்தி அண்ணை உருளைக்கிழங்கு தோல் உரித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டியும் சொல்லாதை, குறைச்சும் சொல்லாதை. கூட்டின இடத்திலதான் அவங்கள் கேள்வி கேப்பாங்கள்" என்றார்.

அவருடைய விசாரணையில், இராணுவ முகாமில் உன்னை அடித்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை, எனக்குப் பக்கத்தில் இருந்தவனைத்தான் அடித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு பதிலால் அவருடைய விசா வருடக்கணக்காக இழுபட்டது என்று எங்கள் அறையில் எல்லோரும் நம்பினோம். அவர் அதற்காக வருந்தி நான் பார்த்ததில்லை. இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நான் சொல்லப்போகிற ஆளும் இதே ஆள்தான்.

அவருக்கு ஒரே ஒரு தம்பி, தவம். எட்டு வயது இளையவன். ஊரில் இருந்தால் ஒரு பக்கம் ஆமி பிடிக்கும் அல்லது மறுபக்கம் இயக்கம் சேர்க்கும் என்று பயந்து, இங்கிருந்தபடியே யார் யாருக்கோ எழுதி அவனைக் கப்பல் வேலைக்கு ஏற்றியவர் மூர்த்தி அண்ணைதான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மரக்குற்றி ஏற்றிய அந்தக் கப்பல், ஜப்பானுக்குத் தெற்கே ஒரு சூறாவளியில் போய்விட்டது. சிலரைக் காப்பாற்றினார்கள். சிலரது உடல்கள் கிடைத்தன. தவம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

தாயார் பருத்தித்துறையில் இருந்தார். யுத்தத்துக்கூடாகக் கடிதம் வந்து சேர இரண்டு மாதமாகும், சில நேரம் மூன்று. எல்லாக் கடிதத்திலும் ஒரே கேள்வி: தம்பியைப் பற்றி ஏதும் தெரிந்ததா? செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்ய ஊரில் எல்லோரும் சொல்லியும் அவர் சம்மதிக்கவில்லை. இருக்கிறவனுக்கு எப்படி அந்தியேட்டி செய்வது என்று கேட்டிருக்கிறார். பிறகு நோயாகிப் படுத்தார். ஒரு கடிதத்தில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையெழுத்தில், "ஒரு கைப்பிடி சாம்பலாவது கண்டால் நான் கண்ணை மூடுவன்" என்று இருந்தது. அந்தக் கடிதத்தை மூர்த்தி அண்ணை வேலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அப்போது அவர் ஓஸ்டர்முண்டிகனுக்கு மாறி, ஆஸ்பத்திரியொன்றில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார்.

கப்பல் முகவருக்கு எழுதி எழுதி, நாலாவது வருடம் ஒரு பதில் வந்தது. யாகுஷிமா என்ற தீவில் அந்தக் கிழமை மூன்று உடல்கள் கரை ஒதுங்கியதாகவும், அடையாளம் தெரியாமல் எரித்து, எலும்பும் சாம்பலும் அங்கே ஒரு கோயிலில் வைக்கப்பட்டிருப்பதாகவும் அறிகிறோம் என்று இரண்டு வரி. எங்கள் ஹோட்டலுக்கு ஜப்பானிய உல்லாசப் பயணிகளைக் கூட்டிவரும் வழிகாட்டிப் பெண் ஒருவர் இருந்தார். நான் அவரிடம் கேட்டேன். அவர் அந்த ஊர் அலுவலகத்துக்கு ஜப்பானிய மொழியில் எழுதிப் பதிலும் பெற்றுத் தந்தார். மூன்றில் ஒன்றைப் பற்றி, வயது முப்பதுக்குள், கறுத்த தோல், இடுப்பில் கறுப்புக் கயிறு என்று பதிவு இருந்தது. அந்தக் கயிறு எதற்கென்று அவர்களுக்கு விளங்கவில்லையாம்.

நான் தொலைபேசியில் அதை வாசித்தபோது மூர்த்தி அண்ணை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு, "அரைநாண் கயிறு. எங்கட ஆள்" என்றார். உடனேயே, தவத்துக்கு அம்மா கட்டிவிட்டது வெள்ளி அரைநாண்கொடி என்றும் சொன்னார். வித்திருப்பான், அறுந்திருக்கும் என்று அவரே தனக்குப் பதிலும் சொல்லிக்கொண்டார்.

விசாவுக்கு ஏழு மாதம் அலைந்தார். ஒக்டோபரில் புறப்பட்டார். அந்த வழிகாட்டிப் பெண், "நான் கடலில் இறந்த என் தம்பியைத் தேடி வந்திருக்கிறேன்" என்று ஜப்பானிய எழுத்தில் ஒரு அட்டை எழுதிக் கொடுத்திருந்தார். அதைக் காட்டிக் காட்டியே விமானம், ரயில், கப்பல் எல்லாம் மாறிப் போயிருக்கிறார்.

அந்தத் தீவில் அவர் இறங்கிய நாளைப் பற்றி என்னிடம் இரண்டு தரம் சொன்னார். முதல் தரம் சொன்னது பாதி. இரண்டாம் தரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

காலையில் கப்பல் கரையைத் தொட்டபோது ஊர் அலுவலகத்து உத்தியோகத்தர் ஒருவர் துறைமுகத்தில் காத்து நின்றாராம். கறுப்புக் கோட்டு, கறுப்புக் கழுத்துப்பட்டி. கோயில் அரை மணி நேரத்துத் தூரம்தான், இப்போதே போகலாம் என்று கையாலும் ஒன்றிரண்டு ஆங்கிலச் சொல்லாலும் சொன்னார். மூர்த்தி அண்ணை தன் கைக்கடிகாரத்தைக் காட்டி, நாளைக்கு என்றார். ஏழு மாதம் அலைந்து வந்தவர், பயணத்தின் கடைசி அரை மணி நேரத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். உத்தியோகத்தர் ஏன் என்று கேட்கவில்லை. குனிந்து வணங்கிவிட்டு, தங்குமிடத்தைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

அறையில் இருக்க முடியவில்லை. தெருவுக்கு வந்தார். ஒரு பஸ் நின்றது, பக்கத்தில் பெரிய மரமொன்றின் படம். ஏறிவிட்டார். சாரதி எங்கே என்று கேட்டபோது வேறு ஒன்றும் தெரியாமல் அட்டையை நீட்டினார். வாசித்த சாரதி தொப்பியைக் கழற்றிவிட்டு, பிறகு மலைமேல் கொண்டுபோய் இறக்கினார்.

"அது காடு எண்டு நான் சொன்னா உனக்கு விளங்காது. எல்லாம் பச்சை. கல்லும் பச்சை, விழுந்து கிடக்கிற மரமும் பச்சை. சத்தமில்லை. தண்ணி ஓடுற சத்தம் மட்டும்" என்றார்.

மழை பெய்கிறதா, மரம் சொட்டுகிறதா என்று தெரியவில்லை. ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டவை என்று சொல்லப்படும் தேவதாரு மரங்கள். ஒன்றைச் சுற்றி நடக்க அவருக்கு இருபத்தாறு அடி பிடித்ததாம். முன்னூறு வருடத்துக்கு முன் யாரோ தறித்த அடிக்கட்டைகள் இன்னும் உக்காமல் நின்றன. அவற்றின் மேல் புதிய மரங்கள் முளைத்து, அவையும் கிழடாகி, வேர்கள் பழைய கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஒரு சிறிய மான் பாதையில் நின்று அவரைப் பார்த்துவிட்டு, பயப்படாமல் விலகிப் போனது. அவர் காலில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போடும் றப்பர்ச் சப்பாத்து. உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது.

மரங்களில் வழி காட்டக் கட்டியிருந்த நாடாக்களைப் பார்த்து இரண்டு மணி நேரம் நடந்தார். ஒரு ஓடையைக் கடக்கும்போது வழுக்கி, முழங்கால் கல்லில் அடிபட்டுக் கிழிந்தது. கைலேஞ்சியால் கட்டிக்கொண்டு மறுகரை ஏறியபோது நாடா ஒன்றையும் காணவில்லை. மேலே ஏறினார், கீழே இறங்கினார். எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி இருந்தது. கடைசியில் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். உதவி கேட்டுக் கத்துவதானால் எந்த மொழியில் கத்துவது என்று தெரியாததால் அந்தப் பெயர்தான் வாயில் வந்தது என்றார். நாலைந்து தரம் கூப்பிட்டார். அவ்வளவு ஈரத்துக்குள் சத்தம் தூரம் போகவில்லை.

ஒரு வேரில் உட்கார்ந்துவிட்டார். குளிர் ஏறியது.

"அங்கயே படுத்தா என்ன எண்டு நினைச்சன். ஒரு வருசத்தில பாசி மூடிப்போடும். ஆருக்கும் கரைச்சல் இல்லை. பிறகு நினைச்சன், இவங்கள் விடமாட்டாங்கள். தேடி எடுத்து எரிச்சு, அந்தக் கோயில்ல நாலாவது பெட்டி வைப்பாங்கள். பவானி என்ர பெட்டியைத் தேடி வருவாள்."

அந்த நினைப்புத்தான் அவரை எழுப்பியது. ஆனால் எழும்புவதற்கு முன் அங்கே இன்னொன்றும் நடந்தது. நாளைக்கு அந்தப் பெட்டிக்குள் எதைக் காட்டினாலும், அது யாராக இருந்தாலும், ஓம், என் தம்பிதான் என்று சொல்வதென்று முடிவெடுத்துவிட்டார். தாயாரின் கடிதம் சட்டைப் பையில் நனைந்து கிடந்தது. வெறுங்கையோடு திரும்பிப் போய் அவருக்கு இன்னொரு கடிதம் எழுத முடியாது என்று நினைத்தார். ஓடைச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி, கடைசி பஸ்ஸுக்குக் கொஞ்சம் முன்னால் வீதிக்கு வந்து சேர்ந்தார். காலையில் வந்த அதே சாரதி. முழங்காலைப் பார்த்துவிட்டு, மருந்துப் பெட்டியை எடுத்துவந்து தானே கட்டுப் போட்டுவிட்டாராம்.

மறுநாள் கோயிலில் துறவி ஒருவர் வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உத்தியோகத்தர் ஒரு கடதாசி உறையைத் திறந்து, அந்த உடலில் இருந்த பொருளைத் தட்டில் வைத்தார். கறுப்புக் கயிறு. அதில் விரல் நகமளவு அலுமினியத்தில் ஒரு மாதா சுரூபம். பின்பக்கத்தில் ஊசியால் கீறிய ஒரு தமிழ் எழுத்து: அ.

தவம் சைவக்காரன். அவன் பெயரிலும் அந்த எழுத்து இல்லை. மூர்த்தி அண்ணைக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

இது உன் தம்பியா என்று அவர்கள் கேட்டார்கள். ஓம் என்றார். பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னார். துறவியும் உத்தியோகத்தரும் நிலம் தொட வணங்கினார்கள். காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார்.

குளோட்டன் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியில் என்ன என்று கேட்டபோது, "மைன் ப்ரூடர்" என்றார். என் சகோதரன். கண்ணாடிக்கு அப்பால் நான் காத்து நின்றேன். அவர் பெட்டியை என் கையில் தந்தார். அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஐயர் வந்தார். தவத்தின் பெயரும் நட்சத்திரமும் சொல்லப்பட்டன. மழைக்குள் நின்று ஆரேயில் கரைத்தோம். பெட்டியைக் கவிழ்த்தபோது ஒரு பக்கத்தைப் பிடித்திருந்தவன் நான். யுத்தத்துக்கூடாகச் சாம்பலை அனுப்ப வழியில்லாததால் படங்களை ஊருக்கு அனுப்பினோம். தாயார் படங்கள் கிடைத்த பின் அங்கே முப்பத்தோராம் நாள் சாப்பாடு கொடுத்தார். நாலு மாதத்தில் அவரும் போய்விட்டார். நிம்மதியாகப் போனார் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதியிருந்தது.

அடுத்த கோடையில் மூர்த்தி அண்ணை டாவோஸுக்கு வந்தார். ஏரியைச் சுற்றி நடந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். அம்மா இருக்கும்வரை வாய் திறக்க முடியவில்லை, இனிமேல் பொறுக்க முடியவில்லை என்றார். சுரூபத்தை எடுத்துக் காட்டினார். எனக்கு வந்தது கோபம்.

"அப்ப அங்க நிண்டு அழுத நாங்கள் ஆர், அண்ணை?"

அவர் சுரூபத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் காலை ரயிலேறிப் போனார். நான் வழியனுப்பப் போகவில்லை. ஐந்து மாதம் அவருக்குத் தொலைபேசி எடுக்கவும் இல்லை. அவர் எடுத்தபோது வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன். அவரைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுத முடியாது. அந்த ஐந்து மாதத்தில்தான் வயிற்றில் நோய் இருப்பது தெரிந்திருக்கிறது. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று பவானி அக்காவைத் தடுத்திருக்கிறார்.

நான் முகம் கொடுக்காத அந்த நாட்களில் அவர் அந்தச் சுரூபத்துக்குரிய ஆளைத் தேடியிருக்கிறார். முகவரிடமிருந்து கப்பல் ஆட்களின் பட்டியலைப் பெற்றார். வேதக்காரத் தமிழர், அதாவது கிறிஸ்தவர், இரண்டு பேர், இருவரும் தூத்துக்குடிப் பக்கம். ஒருவரின் உடல் அப்போதே அடையாளம் காணப்பட்டு ஊருக்குப் போயிருந்தது. மிஞ்சியவர் பெயர் அமலதாஸ். வீட்டு விலாசமும் இருந்தது. தான் செய்த முழுவதையும், கூட்டாமல் குறைக்காமல், ஏழு பக்கத்தில் எழுதி அனுப்பினார். சுரூபத்தை எப்படி அனுப்பி வைப்பது என்றும் கேட்டிருந்தார்.

பதில் வந்தபோது அவர் எழும்ப முடியாமல் கிடந்தார். தான் துடைத்துத் துடைத்துத் திரிந்த அதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி. பவானி அக்கா அழைத்து நான் போயிருந்தேன். என்னைக் கண்டதும் ஒன்றும் நடக்காததுபோல், "வாசி" என்று கடிதத்தைக் காட்டினார். எழுதியது அமலதாஸின் தங்கை.

"ஐயா, உங்கள் கடிதம் கிடைத்தது. அதை அம்மாவிடம் காட்டவில்லை. அண்ணன் ஏதோ ஒரு நாட்டில் ஜெயிலில் இருக்கிறான், ஒருநாள் விடுவார்கள் என்று நம்பித்தான் அவர்கள் சாப்பிடுகிறார்கள். சுரூபத்தை அனுப்ப வேண்டாம். தபால் வந்தால் அம்மாதான் முதலில் ஓடுவார்கள். உங்கள் அம்மாவுக்கு நிம்மதி கொடுக்க எங்கள் அண்ணனை எடுத்துக்கொண்டீர்கள். எங்கள் ஊரில் அவனை மண்ணில் வைத்து, மேலே ஒரு சிலுவை நட்டிருப்போம். உங்களை எப்படி மன்னிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும் எழுதுங்கள். நீங்கள் கரைத்த அந்த ஆறு கடலுக்குப் போகிறதா?"

வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்தேன். பவானி அக்கா யன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"சரியாத்தான் எழுதியிருக்கிறா" என்றார் மூர்த்தி அண்ணை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "நான் அம்மாவுக்குச் செய்ததைத்தானே அந்தப் பிள்ளையும் தன்ர அம்மாவுக்குச் செய்யுது. அதுக்கும் நான்தான் வழி பண்ணிவிட்டன்."

பிறகு, போகும் என்று எழுது என்றார். ஆரே ரைன் நதியில் விழுகிறது, ரைன் ஒல்லாந்துக்கு அப்பால் கடலில் விழுகிறது, அதை விவரமாக எழுது, ஊர்ப் பெயர்களையும் போடு, அந்தப் பிள்ளை வரைபடத்தில் பார்க்கும் என்றார். நான் அவருடைய கட்டில் மேசையிலேயே வைத்து எழுதினேன். கையெழுத்து மட்டும் அவர் வைத்தார். அதற்குப் பதில் வரவில்லை. பதினொரு நாளில் அவர் போனார்.

பேர்ணில் அவரை எரித்த அன்று, அந்தச் சுரூபத்தைப் பெட்டிக்குள் வைக்கலாமா என்று பவானி அக்கா கேட்டார். அது அவருடையதில்லையே அக்கா என்றேன். அமலதாஸின் தங்கை என்றைக்காவது கேட்டு எழுதினால் கொடுக்க வேண்டும் என்பதால் இப்போது என்னிடம் இருக்கிறது.

செத்தவர்களுக்காக வேதக்காரர் பூசை ஒப்புக்கொடுக்கும் மாதம் கார்த்திகை என்று என்னோடு வேலை செய்யும் ஒருவர் சொன்னார். போன ஞாயிற்றுக்கிழமை பேர்ணில் நடந்த தமிழ்ப் பூசைக்குப் போனேன். இத்தனை வருடத்தில் நான் அந்தக் கோயிலுக்குள் போனது அதுதான் முதல் தரம். வாசலில் பாதர், இறந்தவர்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது அமலதாஸ் என்றேன்.

"உங்கட சொந்தமோ?" என்று கேட்டார்.

தம்பி என்று சொல்லியிருக்கலாம். அவர் அடுத்த ஆளிடம் போயிருப்பார்.

"இல்லை, பாதர். ஆளை எனக்குத் தெரியாது. ஆரேயில கரைச்சது நாங்கள்" என்றேன்.

பாதர் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நின்றார்கள். பூசை முடிந்து கதைப்போம், நில்லுங்கோ என்று சொல்லிவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். நான் கடைசி வாங்கில் இருந்தேன். எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று தெரியாமல், முன்னால் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். நடுவில் பெயர்கள் வாசிக்கப்பட்டன. பதினேழாவதாக அந்தப் பெயர் வந்தது. அவனுடைய சொந்தப் பெயரில் அவனுக்காக ஒரு கூட்டம் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூர்த்தி அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். வருடா வருடம் அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். யார் என்று கேட்டால், நடந்ததைச் சொல்ல வேண்டும்.